பழைய டொமைன் வாங்கினால் கூகுளில் முதலிடமா? வில்லங்கம் பார்க்காமல் இறங்கலாமா?

"சார், உங்க வெப்சைட்டை கூகுள்ல முதல் பக்கத்துக்குக் கொண்டு வந்துடலாம். பத்து வருஷப் பழைய டொமைன் ஒண்ணு கைவசம் இருக்கு. அதை வாங்கி உங்க சைட்டோட சேர்த்துட்டா போதும், ரேங்க் தானா ஏறிடும்."

ஒகேனக்கல்லில் லாட்ஜ் நடத்துகிறவரோ, பாலக்கோட்டில் தக்காளி மண்டி வைத்திருப்பவரோ, தருமபுரி டவுனில் புதிதாகப் பல் மருத்துவமனை திறந்தவரோ, யாராக இருந்தாலும் சொந்தமாக ஓர் இணையதளம் இருந்தால் இந்த மாதிரிப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. காசு போவது மீதிப் பாதியில்.

டொமைன் எனப்படும் இணையப் பெயரை யாரும் நிரந்தரமாக வாங்கிவிடுவதில்லை. அது கடை வாடகை மாதிரி. ஒரு வருஷத்துக்கோ, அதிகபட்சம் 10 வருஷத்துக்கோ பதிவு செய்யலாம். பிறகு புதுப்பித்தாக வேண்டும். டாட் காம் பெயரைப் பொறுத்தவரை, கெடு தேதியைத் தவறவிட்டால் மறுநாளே பெயர் பறிபோய்விடாது. பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள் வரை சலுகைக் காலம் உண்டு. அதையும் தாண்டினால் 30 நாள் மீட்புக் காலம்; அபராதம் போலக் கூடுதல் தொகை கட்டித்தான் மீட்க முடியும். கடைசியாக 5 நாள் காத்திருப்பு. அந்த 5 நாளில் பழைய உரிமையாளர் தலைகீழாக நின்றாலும் எதுவும் நடக்காது. அதன் பிறகு யார் வேண்டுமானாலும் பதிவு செய்யலாம். இது ஏட்டுக் கணக்கு. கொஞ்சம் மதிப்புள்ள பெயர் என்றால் சலுகைக் காலத்திலேயே அதை ஏலத்தில் விட்டுவிடும் பதிவு நிறுவனங்களும் இருக்கின்றன.

யாரோ கைவிட்ட பெயருக்கு ஏன் ஏலம்? காரணம் பெயரில் இல்லை, அந்தப் பெயரை நோக்கி மற்றவர்கள் கொடுத்திருக்கும் இணைப்புகளில் இருக்கிறது. ஒரு பள்ளிக்கூடம் 15 வருஷம் இணையதளம் நடத்தியிருந்தால், நாளிதழ்ச் செய்திகளும், கல்வித் துறைப் பக்கங்களும், முன்னாள் மாணவர்களின் வலைப்பூக்களும் அதற்கு இணைப்பு கொடுத்திருக்கும். கூகுள் ஆரம்ப நாளிலிருந்தே இந்த இணைப்புகளை ஒருவகை சாட்சிக் கையெழுத்தாக எடுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பள்ளி மூடப்பட்டு, பெயர் காலாவதியானாலும் அந்தச் சாட்சிக் கையெழுத்துகள் அப்படியே நிற்கும். பெயரை வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது இன்னொருவர் சம்பாதித்த நம்பிக்கையை.

மகளிர் தளத்தில் இயந்திரக் கட்டுரைகள்

இது எங்கே போய் முடியும் என்பதற்குப் பக்கத்து உதாரணம் தேட வேண்டாம். உலகம் முழுக்கப் பேசப்பட்டதே இருக்கிறது. அமெரிக்காவில் 'தி ஹேர்பின்' என்ற மகளிர் இணைய இதழ் 2018இல் மூடப்பட்டது. அதன் பெயர் கைமாறி, செர்பியாவைச் சேர்ந்த ஒருவரிடம் போய்ச் சேர்ந்தது. செயற்கை நுண்ணறிவு எழுதித் தள்ளிய கட்டுரைகளால் அந்தத் தளம் நிரப்பப்பட்டதை 2024 ஜனவரியில் 'வயர்ட்' இதழ் வெளிக்கொண்டு வந்தது. பழைய கட்டுரைகள் சிலவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, எழுதிய பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டிருந்தார்கள் என்பதுதான் கொடுமை. 2021இல் மூடப்பட்ட ஹாங்காங்கின் 'ஆப்பிள் டெய்லி' நாளிதழின் பழைய இணையப் பெயரும் அதே நபரின் கைக்குத்தான் போயிருந்தது.

அதே ஆண்டு மார்ச் 5ஆம் தேதி கூகுள் தன் ஸ்பேம் விதிகளை மாற்றியது. காலாவதியான டொமைனைத் தவறாகப் பயன்படுத்துவது தனிக் குற்றமாகவே அதில் சேர்க்கப்பட்டது. கூகுள் கொடுத்த உதாரணங்களில் ஒன்று, ஒரு காலத்தில் தொடக்கப் பள்ளியின் தளமாக இருந்த பெயரில் சூதாட்ட விளம்பரம் போடுவது. அரசு அலுவலகத்தின் பழைய முகவரியில் கமிஷன் விற்பனைப் பக்கம் நடத்துவது இன்னொன்று. இப்படிச் சிக்கினால் தளம் தேடலில் கீழே தள்ளப்படும். முழுக்க நீக்கப்படவும் வாய்ப்பு உண்டு.

பழைய பெயரை வாங்குவதே தப்பு என்று கூகுள் சொல்லவில்லை. படிக்கிறவருக்கு உருப்படியாக ஒன்றைச் செய்வதற்காகப் பழைய பெயரைப் பயன்படுத்தினால் தடையில்லை. பழைய நற்பெயரைக் காட்டித் தேடலில் ஏமாற்றுவதுதான் பிரச்சினை. அப்படிப் பார்த்தால், ரேங்க் தானாக ஏறிவிடும் என்று போனில் சொல்லப்படுகிற வேலை, கூகுள் பெயர் சொல்லித் தடுத்திருக்கும் வேலைக்கு வெகு பக்கத்தில் நிற்கிறது. விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார். அவருக்கு ஏற்கெனவே பணம் வந்துவிட்டது.

தாய்ப்பத்திரம் எங்கே?

வீட்டுமனை வாங்கும்போது தருமபுரிக்காரர் யாரும் விற்பவர் வாய்ச்சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுப்பதில்லை. தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கச் சான்று போடுவார், பட்டா யார் பெயரில் என்று பார்ப்பார், பக்கத்து நிலத்துக்காரரிடம் ரெண்டு வார்த்தை விசாரிப்பார். டொமைனுக்கும் இதே விசாரணைதான். பெரும்பாலும் காசு செலவில்லாமல் செய்துவிடலாம்.

வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகம் 1996இலிருந்து தளங்களின் பழைய தோற்றத்தைச் சேமித்து வைத்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய பெயரை அதில் போட்டால் வருஷவாரியாகப் பக்கங்கள் வரும். 2012இல் விதைக் கடை, 2017இல் காலி, 2020இல் ஜப்பானிய மொழியில் கைப்பை விற்பனை, 2023இல் ரம்மி என்று இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். அந்த நிலத்தில் ஏற்கெனவே மூன்று பேர் குப்பை கொட்டியிருக்கிறார்கள்.

அடுத்து, கூகுள் தேடல் கட்டத்தில் 'சைட்' என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் போட்டு, இடைவெளி விடாமல் அந்தப் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். தளம் இயங்கிக்கொண்டிருந்தும் ஒரு பக்கம்கூட வரவில்லை என்றால் சந்தேகப்பட வேண்டும். ஆனால் பல மாதம் மூடிக் கிடந்த பெயர் என்றால் ஒன்றும் வராதது இயல்பு. இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. இணைப்புகள் எந்தச் சொற்களில் தரப்பட்டிருக்கின்றன என்று பார்ப்பது இன்னும் முக்கியம். தருமபுரி விதைக் கடைக்கு ரஷ்ய மொழியில் நானூறு இணைப்பு இருந்தால் அது வாடிக்கையாளர் கொடுத்ததாக இருக்காது.

விற்பவர் காட்டும் 'டொமைன் அத்தாரிட்டி' மதிப்பெண் பற்றி ஒரு வார்த்தை. அது மாஸ் என்ற தனியார் நிறுவனம் போடும் கணக்கு. கூகுள் போடும் மதிப்பெண் அல்ல. கூகுள் தன்னுடைய பேஜ்ரேங்க் மதிப்பெண்ணை வெளியே காட்டுவதை 2016இலேயே நிறுத்திவிட்டது. 40 இருக்கு, 50 இருக்கு என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் அதை விளம்பர நோட்டீஸ் போலத்தான் பார்க்க வேண்டும்.

பழைய உரிமையாளர் காலத்தில் கூகுள் தண்டனை விதித்திருந்தால், பெயர் கைமாறினாலும் தண்டனை தானாக நீங்காது. வாங்கியவர்தான் சர்ச் கன்சோலில் போய்ப் பார்த்து, தளத்தைச் சுத்தம் செய்து, மறுபரிசீலனைக்கு மனுப் போட வேண்டும். வாங்குவதற்கு முன் இதைப் பார்க்க வழியில்லை என்பதால், விற்பவரிடமே சர்ச் கன்சோலைத் திறந்து காட்டச் சொல்வது நல்லது. மழுப்பினால் விட்டுவிடலாம்.

இத்தோடு சட்டமும் இருக்கிறது. இன்னொருவர் நிறுவனப் பெயரை ஒத்த டொமைனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்ய முடியாது என்பதை உச்ச நீதிமன்றம் 2004இலேயே சொல்லிவிட்டது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே, அதாவது 'சிஃபி' நிறுவனம், 'சிஃபிநெட்' என்று கிட்டத்தட்ட அதே ஓசையில் பெயர் வைத்திருந்த நிறுவனத்தின் மேல் தொடுத்த வழக்கு அது. டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று அந்தத் தீர்ப்பு நிலைநாட்டியது. டாட் இன் பெயர்களைப் பொறுத்தவரை, அவற்றை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பிடமே புகார் கொடுத்து நடுவர் தீர்ப்பு வாங்கலாம். பெயர் காலாவதியாகிவிட்டது என்பதால் அதன் வணிகச் சின்ன உரிமையும் காலாவதியாகிவிட்டது என்று அர்த்தமில்லை.

அந்தக் காசுக்குத் தணிக்கை

உண்மையில், பழைய பெயருக்குக் கொடுக்கும் பணத்தை இருக்கிற தளத்தின் எஸ்.இ.ஓ. தணிக்கைக்குச் செலவழித்தால் இந்த மாவட்டத்துச் சிறு வியாபாரிக்கு அதிகம் கிடைக்கும். தணிக்கை என்றதும் 60 பக்க பி.டி.எஃப். நினைவுக்கு வரும். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் வரும் அறிக்கை அது. சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் இருக்கும். தருமபுரி இருக்காது.

தருமபுரி இருக்கும் தணிக்கை எப்படித் தொடங்கும்? எழுத்துக்கூட்டலில் தொடங்கும். அரசுப் பலகைகளில் தருமபுரி. பேச்சிலும் பல கடைப் பலகைகளிலும் தர்மபுரி. ஒகேனக்கல்லைத் தமிழிலேயே மூன்று நான்கு விதமாக எழுதுகிறார்கள், ஆங்கிலத்தில் இன்னும் அதிகம். தமிழ்நாட்டின் 1,018 ஊர்களுக்கு ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி 2020 ஜூனில் வெளிவந்த அரசாணையே சில நாட்களில் திரும்பப் பெறப்பட்டது என்றால், கைபேசியில் அவசரமாகத் தட்டுகிற சுற்றுலாப் பயணியை என்ன சொல்வது? எது சரி என்று விவாதிப்பது தளத்தின் வேலை இல்லை. மக்கள் எப்படித் தட்டுகிறார்களோ அந்த வடிவங்கள் பக்கத்தில் இயல்பாக இடம்பெற்றிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை.

அடுத்தது முகவரி. 2004 பிப்ரவரி 9 வரை ஓசூரும் கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தன. மாவட்டம் பிரிந்து 20 வருஷத்துக்கு மேல் ஆகியும், பழைய வணிக அட்டவணைத் தளங்களில் ஓசூர் கம்பெனிகளைத் தருமபுரி மாவட்டம் என்றே போட்டு வைத்திருந்தால் ஆச்சரியமில்லை. தளத்தில் ஒரு முகவரி, கூகுள் மேப்பில் இன்னொன்று, அட்டவணையில் பழைய போன் நம்பர் என்று இருந்தால் வாடிக்கையாளர் மட்டுமல்ல, கூகுளும் குழம்பும். இதைத் திருத்த ஒரு நாள் போதும்.

தமிழ்த் தளங்களுக்கே உரிய ஒரு நோய் எழுத்துரு. தமிழ்நாடு அரசு யுனிகோடை ஏற்றது 2010 ஜூனில். அதற்கு முன் எழுதிய பக்கங்கள் பாமினி, டாப், டிஸ்கி என்று ஆளுக்கொரு குறியேற்றத்தில் இருக்கின்றன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். 'பழைய தமிழ்த் தளம், ஆயிரம் பக்கம் இருக்கு' என்று விலை சொல்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான். அறை வாடகை, மெனு, மருத்துவர் நேரம் ஆகியவற்றைப் படமாக ஒட்டி வைப்பதும் கிட்டத்தட்ட இதே ரகம்.

வேகமும் பார்க்க வேண்டும். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். அலுவலக வைஃபையில் சோதித்துவிட்டுப் பாஸ் போடாமல், பென்னாகரம் தாண்டி மலைப்பாதையில் போகிற பஸ்ஸில் உட்கார்ந்து திறந்து பார்த்தால் உண்மை தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேல், வருகிறவர் கேட்கும் கேள்விக்குத் தளத்தில் பதில் இருக்கிறதா? காவிரியில் நீர்வரத்து கூடினால் ஒகேனக்கல்லில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு கிளம்பும் ஒருவருக்குத் தேவை, "இன்னைக்குப் பரிசல் ஓடுதா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில். அதைத் தினமும் காலையில் இரண்டு வரியில் தமிழிலும் கன்னடத்திலும் போடுகிற லாட்ஜ் தளத்துக்கு, பயண வலைப்பூக்காரர்கள் கேட்காமலே இணைப்பு கொடுப்பார்கள். எந்த ஏலத்திலும் கிடைக்காத இணைப்பு அது. ஆடிப்பெருக்கு வாரத்தில் அதன் மதிப்பைக் கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

நம்ம பெயர் நம்மகிட்ட இருக்கா?

வாங்குவதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். இழப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. மாவட்டத்தில் எத்தனையோ பள்ளிகளும், கல்லூரிகளும், அறக்கட்டளைகளும் 'வெப்சைட் பையன்' ஒருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கின்றன. டொமைன் அவர் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவாகியிருக்கும். அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விட்டால் புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் யாரும் திறக்காத பெட்டிக்குப் போகும். உலகப் பெரிய நிறுவனங்களே இதில் வழுக்கியிருக்கின்றன. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் ஒரு டொமைனைப் புதுப்பிக்க மறந்து, ஹாட்மெயில் திறக்காமல் தடுமாறியது. சம்பந்தமே இல்லாத ஒரு கணினி நிரலாளர் 35 டாலர் கட்டிக் காப்பாற்றினார்.

எல்லோருக்கும் அப்படி ஒரு நல்லவர் கிடைக்க மாட்டார். பெயர் போனால் அந்தப் பெயரில் இருந்த மின்னஞ்சலும் கூடவே போகிறது. கைவிடப்பட்ட வக்கீல் நிறுவனப் பெயர்களைப் பதிவு செய்து பார்த்த ஆஸ்திரேலியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவருக்கு, கட்சிக்காரர்களின் ரகசியக் கடிதங்கள் வந்து கொட்டின. ஒரு மருத்துவமனையின் பழைய முகவரிக்கு ரத்தப் பரிசோதனை அறிக்கை போனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். பள்ளியின் பழைய முகவரியில் ரம்மி விளம்பரம் வந்தால் பெற்றோர் திட்டப்போவது தலைமை ஆசிரியரைத்தான். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டையும் அதன் விளம்பரத்தையும் 2025இல் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. ஆனால், எங்கோ வெளிநாட்டில் உட்கார்ந்து பெயரை வாங்கியவரை இங்கிருந்து பிடிப்பது லேசான காரியம் இல்லை.

ஆகவே நிர்வாகக் குழு அடுத்த முறை கூடும்போது மூன்று கேள்வி கேட்டால் போதும். டொமைன் யார் பெயரில் இருக்கிறது? கெடு தேதி என்ன? நினைவூட்டல் எந்த மின்னஞ்சலுக்கு வருகிறது? டாட் காம் மாதிரியான பெயர்களுக்குக் கெடுவுக்கு முன் இரண்டு முறையும், முடிந்த 5 நாளுக்குள் ஒரு முறையும் நினைவூட்ட வேண்டும் என்பது ஐகான் அமைப்பின் விதி. கடிதம் வருகிறது, பார்க்கத்தான் ஆள் இல்லை. தளத்தை மூடிவிட முடிவு செய்தாலும் பெயரை இன்னும் சில வருஷம் கட்டி வைத்திருப்பது நல்லது. வருஷத்துக்கு ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆகும். ஆண்டு விழாவில் பொன்னாடைக்கு ஆகிற செலவுகூட இல்லை.