இரண்டு வார வாத்தியார்

ஓய்வு பெற்ற ஆசிரிய நண்பர்கள் சிலருக்கு ஓர் ஆசை. நேபாளத்து மலைக் கிராமம் ஒன்றில் இரண்டு வாரம் பிள்ளைகளுக்கு இலவசமாக ஆங்கிலம் சொல்லிக் கொடுத்துவிட்டு, அப்படியே இமயத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டுமாம். இதற்கு ஏற்பாடு செய்து தரக் கட்டணம் வாங்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. நல்ல மனசுதான். ஆனால் இரண்டே வாரத்துக்கு என்றால் வாத்தியாராகப் போகவே வேண்டாம் என்பது என் கட்சி.

பிள்ளைகளின் பக்கமிருந்து பாருங்கள். தமாங், மகர், குருங் மக்கள் வாழும் மலையூர்களில் பல வீடுகளில் பேசுவது அவரவர் தாய்மொழி. பள்ளிக்கு வந்தால் நேபாளி. ஆங்கிலம் மூன்றாவது. வெளியூரிலிருந்து ஒருவர் வந்து ஏ, பி, சி, டி என்று ஆரம்பிப்பார். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்குள் கிளம்பிவிடுவார். அடுத்தவர் வந்து மறுபடியும் ஏ, பி, சி, டி. அத்தனை நாளும் ஊர் ஆசிரியர் ஓரமாக நிற்பார். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு அந்தப் பிள்ளைகளைத் தயார் செய்ய வேண்டியவரோ அவர்தான்.

1961-ல் கென்னடி தொடங்கிய பீஸ் கோர் அமைப்பின் தொண்டர்கள் 1962-லேயே நேபாளத்துக்கு வந்தார்கள். அதன் பின்னால் பனிப்போர்க் கால அரசியல் இருந்தது உண்மை. ஆனால் அவர்கள் முறையைப் பாருங்கள். இன்று அதில் சேர்பவருக்குப் பொதுவாக 27 மாதப் பணி. முதல் மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்பதும் பயிற்சியும்தான். பிறகே வேலை.

நமக்கு ஒரு சாதகமும் உண்டு. நேபாளியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். 'கர்' என்றால் வீடு, 'கர்மா' என்றால் வீட்டில். நம்மைப் போலவே உருபைப் பின்னால் ஒட்டுகிறார்கள். ஆங்கிலத்தின் 'ஏ', 'தி' இரண்டு மொழியிலும் கிடையாது. ஒரு பிள்ளை 'ஐ ரைஸ் ஈட்' என்று எழுதினால் அது எங்கிருந்து வருகிறது என்று நமக்குச் சட்டென்று தெரியும்.

ஆகவே போகிறவர்கள், கல்வியாண்டு தொடங்கும் வைசாக மாதத்தில், அதாவது நம் சித்திரை வாக்கில், போய் ஒரு வருடம் இருங்கள். இந்தியர்களுக்கு விசாகூட வேண்டாம். முதலில் நேபாளி கற்றுக்கொள்ளுங்கள். பாடத்தை ஊர் ஆசிரியர் நடத்தட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்து உதவுங்கள். நீங்கள் திரும்பிய பிறகும் அங்கே இருக்கப் போகிறவர் அவர்.

முழங்கால் வலி, பேரன் பேத்தி, ஒரு வருடமெல்லாம் முடியாது என்கிறீர்களா? கட்டணத்துக்கு வைத்திருந்த பணத்தில் ஒரு மலைப் பள்ளிக்குப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். இமயத்தைச் சுற்றுலாப் பயணியாகவே பார்த்துவிட்டு வாருங்கள். அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.