கம்பியில் கரண்ட் வேண்டாம், கிளுவைப் போத்து போதும்



சத்தியமங்கலம் பக்கம், காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருக்கும் பழைய மாணவர் ஒருவர் நேற்று போனில் பேசினார். "டீச்சர், அவரையும் தட்டப்பயிறும் தழைய விடாம மான் மேஞ்சுட்டுப் போயிடுது. ராத்திரியில கம்பியில கரண்ட் விட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். அவருக்குச் சொன்னதை உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன்.

2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, தோட்டத்தில் திருட்டுத்தனமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயில்லாமல் நின்றன. கம்பிக்கு யானை, மான், மனுஷன் என்ற வித்தியாசம் தெரியாது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

வழி நம் ஊரிலேயே இருக்கிறது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். சுற்றிலும் முள்கிளுவை வேலி. உள்ளே மாடுகள் மேய்ப்பவர் இல்லாமலே மேயும். மாட்டை உள்ளே நிறுத்துகிற வேலி மானை வெளியே நிறுத்தாதா? மழைக்காலத்தில் போத்து வெட்டி இரண்டு வரிசையாக, நெருக்கமாக ஊன்றுங்கள். ஒரு வரிசையின் இடைவெளிக்கு நேராக அடுத்த வரிசையின் போத்து வரட்டும். சந்து கிடைத்தால் மான் நுழைந்துவிடும். ஆள் உயரத்துக்கு அடர்ந்து, மறுபக்கம் தெரியாமல் நின்றால் தாண்டத் தயங்கும். நடுநடுவே களாச்செடி வையுங்கள். முள்ளுக்கு முள், ஊறுகாய்க்குக் காய்.

ஆடாதொடையும் நொச்சியும் வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஆடு தொடாத இலை என்று பெயரே சொல்கிறதுதான். ஆனால் பசி முற்றிய மான் கசப்பையும் கடித்துப் பார்க்கும். அவை துணைக்கு இருக்கட்டும். காவலுக்கு முள் வேண்டும்.

உண்ணிச்செடியை மட்டும் வேலியில் சேர்க்காதீர்கள். ஆங்கிலேயர் காலத்தில் அழகுக்காகக் கொண்டுவந்த செடி அது. இன்று முதுமலையிலும் சத்தியமங்கலத்திலும் மான் மேயும் புல்லை வளரவிடாமல் பரவிக் கிடக்கிறது. காட்டில் புல் குறைந்தால் மான் நம் அவரையைத் தேடித்தானே வரும்?

உயிர்வேலி அடர இரண்டு மூன்று வருடம் ஆகும், மறுக்கவில்லை. அதுவரை பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுங்கள், இரவில் ஒரு நடை போய் வாருங்கள். கொஞ்சம் பயிர் போகும். போனாலும் அடுத்த போகத்தில் விதைத்துக்கொள்ளலாம். போன உயிருக்கு அடுத்த போகம் கிடையாது.

காங்கேயம், தாராபுரம் பக்கத்துப் பிள்ளைகளே, வேலி கழிக்கும்போது கிளுவைப் போத்துகளைக் கொளுத்திவிடாதீர்கள். கொடுக்க முடிந்தவர்கள் கீழே கமெண்ட்டில் சொல்லுங்கள். சத்தியமங்கலத்துக்கு ஒரு வண்டி தேவைப்படுகிறது.