மரபு என்னும் வசதி

ஆங்கிலேயப் பிரபுக் குடும்பங்களைப் பற்றிய கட்டுரைகள் செய்தி மேசைக்கு வரும்போதெல்லாம், ‘தொன்றுதொட்டு மாறாத மரபு’ என்ற சொற்றொடரை நான் வெட்டியே வந்திருக்கிறேன். ஏனென்பதற்கு மார்ல்பரோ குடும்பம் ஒன்றே போதும்.

ஜோன் சேர்ச்சில் என்ற படைத்தளபதிக்கு ஆன் அரசியார் 1702 இல் டியூக் என்னும் கோமகன் பட்டத்தை வழங்கினார். மறு ஆண்டே அவருக்கு எஞ்சியிருந்த ஒரே மகன் பெரியம்மைக்குப் பலியானான். ஆண் வாரிசு இல்லையேல் பட்டம் மறையும் என்பதே வழமை. ஆனால் 1704 இல் பிளெனிம் போரில் பிரெஞ்சு, பவேரியப் படைகளை வென்றவரின் பட்டமல்லவா? 1706 இல் பாராளுமன்றம் தனிச்சட்டம் இயற்றி, அது மகள்மாருக்கும் அவர்களது வழியினருக்கும் செல்ல வழிவிட்டது. 1722 இல் தளபதி இறந்ததும் மூத்த மகள் ஹென்றியேற்றா தம் சொந்த உரிமையிலேயே கோமகளானார். 1733 இல் அவரும் மறைய, பட்டம் தங்கை மகனான சார்ள்ஸ் ஸ்பென்சரை அடைந்தது. ஆக, தந்தை வழியில் இது ஸ்பென்சர் குடும்பம். ‘சேர்ச்சில்’ என்ற பெயரை ஐந்தாம் கோமகன் 1817 இல் அரச அனுமதி பெற்றே சேர்த்துக்கொண்டார்.

பின்னர் செல்வம் வற்றியது. 1880 களில் குடும்ப நூலகம் ஏலத்தில் போயிற்று. 1895 இல் ஒன்பதாம் கோமகன் அமெரிக்கச் செல்வக் குடும்பத்துப் பெண்ணான கொன்சுவேலோ வண்டர்பில்ட்டை மணந்தார். சீதனம் 25 இலட்சம் டொலர் பெறுமதியான புகையிரதப் பங்குகள். சீதனம் என்ற சொல்லை வேண்டுமென்றே எழுதுகிறேன். அதற்கு வேறு பெயர் இல்லை. மணமகள் வற்புறுத்தப்பட்டார் என்ற காரணத்தால் அத்திருமணம் செல்லாது என 1926 இல் கத்தோலிக்கத் திருச்சபை தீர்ப்பளித்தது.

மகன் இல்லாதபோது சட்டம் வளைந்தது. பெயர் இல்லாதபோது அனுமதிப் பத்திரம் வந்தது. பணம் இல்லாதபோது மணப்பெண் வந்தாள். வளையாதது ஒன்றுதான்: ஏனைய பிரபு வீட்டு மகள்மாருக்கான விதி. 2013 இல் இயற்றப்பட்ட சட்டம், அரச முடிக்கான வாரிசுரிமையில் ஆணுக்கிருந்த முன்னுரிமையை நீக்கியது. பிரபுப் பட்டங்களை அது தொடவில்லை. கேட்டால், மரபு தடுக்கிறதாம்!

1706 இல் அந்த மரபு எங்கே போயிருந்தது? ஒரு தளபதியின் பெயர் நிலைக்க விலகி நின்ற மரபு, மகள்மாரின் உரிமைக்கு மட்டும் மதிலாக நிற்பது எந்த நியாயம்? வேண்டியபோது வளைவதை மரபு என்று எழுத என் பேனா இசையாது. அது வசதி.