மே/பா

எங்கள் பயிற்சி நிலையத்தின் சேர்வர் பதுளை டவுனில், மாடிப்படிக்குக் கீழே, விளக்குமாற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலைகளில் ஒன்று. போன கிழமை முகாமையாளர் கேட்டார்: "தம்பி, 'தகவல்' முகவரிக்கு ஒரு மாசமா ஒரு மெயிலும் வரல்லையே?"

கறுப்புத் திரையில் எலியாசஸ் கோப்பைத் திறந்தேன். வரிக்கு ஒரு பெயர். முக்காற்புள்ளிக்கு இந்தப் பக்கம் ஊருக்குச் சொல்லும் பெயர். அந்தப் பக்கம் உண்மையில் கையில் வாங்கும் ஆள். பல பேர் என்றால் காற்புள்ளி போட்டு அடுக்கலாம். நாற்பது பேர் என்றால் தனிக்கோப்பில் எழுதிவிட்டு அதைச் சேர்த்துக்கொள்ளச் சொல்லி ஒரு வரி போதும். அதுதான் குரூப். டெமோதர குரூப் என்று தோட்டத்தையே குரூப் ஆக்கிப் பேசுகிற எங்களுக்கு அந்தச் சொல் புதிதா என்ன!

'தகவல்' வரியின் அந்தப் பக்கம் இருந்த பிள்ளை கல்யாணம் முடித்து வத்தளைக்குப் போய்விட்டது. பெட்டியை யாரும் மூடவில்லை. மடல்கள் வந்து வந்து அதிலேயே விழுந்திருக்கின்றன.

பெயரை மாற்றிச் சேமித்தேன். சோதனை மடல் ஒன்று அனுப்பினேன். மறுபடியும் பழைய பெட்டிக்கே போனது. வயரைப் பிடுங்கிக் குத்தினேன், ரூட்டரைத் திட்டினேன். அரைமணி நேரம் கழித்துத்தான் உறைத்தது: நியூஎலியாசஸ் கட்டளையை அடிக்கவில்லை. நாம் திருத்துகிற எழுத்துக்கோப்பை, மடல்களைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் பார்ப்பதில்லை. அதிலிருந்து செய்துவைத்த அட்டவணையைத்தான் பார்க்கும். கட்டளை அடிக்கும்வரை பழைய ஆள்தான் அதற்கு ஆள். எரிக் ஆல்மன் பெர்க்லியில் சென்ட்மெயில் என்ற பழைய மடல் மென்பொருளை எழுதிய காலத்து ஏற்பாடு இது. 1998இல் விட்ஸே வெனெமாவின் போஸ்ட்ஃபிக்ஸ் வந்தபோதும் மாறவில்லை. நானும் மாறவில்லை, இதே இடத்தில்தான் ஒவ்வொரு முறையும் இடறுகிறேன்.

யாருக்குப் போகவேண்டும் என்று குறித்து அனுப்புகிற ஏற்பாடு மலையில் இன்னும் பழசு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளரிடம் டின் டிக்கெட் இருந்தது. எந்தத் தோட்டத்துக்குப் போகவேண்டிய ஆள் என்பது அந்தத் தகரவில்லையில் அடையாளமாகப் பொறித்திருக்கும். ஆளையே மடல் மாதிரி அனுப்பினார்கள்.

வந்து சேர்ந்த பிறகு லயத்துக்கு முகவரி வந்ததா என்றால், இல்லை. கடிதத்தில் நம் பெயர், கீழே மே/பா, அதாவது மேற்பார்வை, தோட்டத்தின் பெயர். எல்லாம் ஆபீசுக்குப் போகும். கிளாக்கர் மேசையில் மேல்கணக்கு, கீழ்கணக்கு என்று பிரியும். யாராவது அந்தப் பக்கம் போனால் கையில் கொடுத்துவிடுவார்கள். ஒரே டிவிசனில் மூன்று லெட்சுமி இருந்தால் கடிதம் மூன்று காம்பிராவிலும் ஏறி இறங்கும். எனக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிரட்டுக்களத்தில் அப்பா கையில் கிடைத்தபோது பரீட்சை முடிந்து ஒன்பது நாள். அப்பா ஆபீஸ் வாசலில் நின்று கேட்டார். "வந்ததக் குடுத்தோம்" என்றார்கள். அதற்கு மேல் யாரிடம் போய்க் கேட்பது?

மின்மடலில் அதற்கு ஓர் ஆள் உண்டு. போஸ்ட்மாஸ்டர் என்ற முகவரி ஒவ்வோர் இடத்திலும் இருந்தே ஆகவேண்டும் என்று 1982ஆம் ஆண்டு விதியிலேயே எழுதிவிட்டார்கள். எங்கள் கோப்பில் போஸ்ட்மாஸ்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது நான்.

கட்டளையை அடித்தேன். சோதனை மடல் சரியாக வந்து விழுந்தது. இந்த முறை 'தகவலுக்கு' இரண்டு பேரைப் போட்டிருக்கிறேன்.

பிறகு பழைய பெட்டியைத் திறந்தேன். பதினேழு மடல். பன்னிரண்டாவது, மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு பையன்: "சேர், கோர்சுக்கு அப்ளிகேஷன் எப்படி அனுப்புவது?" மூன்று நாள் விட்டு அதையே மறுபடியும் கேட்டிருந்தான். முடிவுத் திகதி முந்தாநாள்.

கடைசியில் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்தான். எடுத்து அடித்தேன்.