முதலில் மீட்டர், கடைசியில் ஈசிஎம்

மழைக்காலம் வந்தால் பேட்டரி டவுன் ஆன வண்டிகள் நம் பட்டறைகளுக்கு வரிசையாக வரும். அவற்றில் ஒரு வகை நம் தொழில்திறமைக்கே சோதனை: அவசரத்தில் யாரோ ஜம்பர் கேபிளைப் பிளஸ் மைனஸ் மாற்றிப் பிடித்த வண்டி. பளிச்சென்று ஒரு பொறி, டப்பென்று ஒரு சத்தம். பிறகு சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒரு விளக்கும் எரியாது. இந்த வண்டியில் ஸ்கேனரைச் செருகி, அது உயிர்பெறவில்லை என்றதும் "ஈசிஎம் போச்சு" என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடும் பழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. அளந்து பார்க்காமல் சொல்லும் இந்தத் தீர்ப்பு பல நேரங்களில் தவறாகவே முடிகிறது.

துருவம் மாறும்போது என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எங்கே தொடங்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆல்டர்னேட்டரின் ரெக்டிஃபையரில் குறைந்தது ஆறு டயோடுகள் இருக்கின்றன. வழக்கமாக அவை பேட்டரி கரண்டை உள்ளே விடாமல் தடுத்து நிற்கும். துருவம் மாறிய உடனே அத்தனையும் திறந்துகொள்ளும். பிளஸ் கேபிளுக்கும் பாடி எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட நேரடி ஷார்ட் ஆகி, நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். மெயின் ஃபியூஸ் எரிவது இதனால்தான். அந்தக் கணத்தில் தலைகீழ் மின்னழுத்தம் முழுதாக ஏறாமல் டயோடுகளே அதைச் சில வோல்ட்டுக்குள் பிடித்து வைக்கின்றன. இதைக் கருத்தில் கொண்டுதான் ஐஎஸ்ஓ 16750-2 தரநிலை, 12 வோல்ட் வண்டியின் மின்னணுப் பாகங்களுக்கு 60 விநாடி தலைகீழ் மின்னழுத்தச் சோதனை வைக்கிறது: டயோடுகள் பிடித்து வைக்கும் அமைப்பில் 4 வோல்ட், மற்ற அமைப்புகளில் 14 வோல்ட். ஆக, ஈசிஎம் இந்தத் தவறைத் தாங்கும்படியே வடிவமைக்கப்படுகிறது. முதலில் அடி வாங்குவது ஃபியூஸும் டயோடும்.

எனவே முதல் கருவி கேள்வி. வண்டியைக் கொண்டுவருபவர் தயக்கத்தில் நடந்ததை மறைக்கக்கூடும். குற்றம் சாட்டாமல் கேட்டால் சொல்லிவிடுவார். எந்த வண்டியிலிருந்து கரண்ட் கொடுத்தார்கள்? காரா, லாரியா? கேபிள் எவ்வளவு நேரம் மாட்டியிருந்தது? அதன் பிறகு யாராவது ஃபியூஸ் மாற்றினார்களா? லாரி என்று பதில் வந்தால் நோயே வேறு. 24 வோல்ட் ஏறிய வண்டியில் ஃபியூஸ்கள் நன்றாக இருக்க, பல்பும் ஆடியோவும் கண்ட்ரோல் யூனிட்டுகளும் கெட்டிருக்கலாம். அதே தரநிலை 24 வோல்ட்டையும் 60 விநாடி தாங்கச் சொல்கிறது. ஆனால் சாலையோர உதவி ஒரு நிமிடத்தில் முடிவதில்லை.

அடுத்து பேட்டரி. அதைத் தனியே கழற்றி வைத்து மீட்டர் பிடியுங்கள். அடியோடு இறங்கிய பேட்டரி தலைகீழாகச் சார்ஜ் ஏறியிருந்தால் மீட்டரில் மைனஸ் குறி வரும். அதை மீண்டும் வண்டியில் மாட்டக் கூடாது.

பிறகு பேட்டரி மேலோ பக்கத்திலோ உள்ள போல்ட் வைத்த பெரிய ஃபியூஸ்கள். கண்ணாடி மூடி வழியே பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடாதீர்கள். மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. நல்ல பேட்டரியை மாட்டும் முன் கன்டினியூட்டி பாருங்கள். முழு மெயின் ஃபியூஸ் போயிருந்தால் வண்டியில் எதுவுமே இருக்காது. ஆல்டர்னேட்டருக்கான ஃபியூஸ் மட்டும் போயிருந்தால், பல வண்டிகளில் செல்ஃப் எடுக்கும், வண்டி ஓடும், சார்ஜ் மட்டும் ஏறாது.

இங்கேதான் ஒரு படியைப் பலர் தாண்டிவிடுகிறார்கள். புது மெயின் ஃபியூஸ் போடுவதற்கு முன் ஆல்டர்னேட்டரின் டயோடைப் பார்த்தாக வேண்டும். பேட்டரி கழற்றிய நிலையில் பி பிளஸ் கேபிளை எடுத்துவிட்டு, மீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை ஆல்டர்னேட்டர் பாடியில், கறுப்பு முனை பி பிளஸ் போல்ட்டில். சாதாரண டயோடு உள்ள ஆல்டர்னேட்டரில், இரண்டு டயோடு தொடராக இருப்பதால், சுமார் 0.8 முதல் 1 வோல்ட் வரை காட்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. இரண்டு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் டயோடு ஷார்ட். அப்படியே புது ஃபியூஸ் போட்டால் அதுவும் உடனே எரியும்.

சிறிய ஃபியூஸ் ஒன்று திரும்பத் திரும்ப எரிகிறதா? ஃபியூஸ் ஹோல்டரில் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் இரண்டு ஆம்பியரைத் தாண்டாது, ஒயரிங்கும் பிழைக்கும். பிறகு அந்த ஃபியூஸில் இருக்கும் யூனிட்டுகளின் சாக்கெட்டை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது பல்பு அணைகிறதோ அங்கேதான் கோளாறு. ஆடியோ செட் முதல் கண்ட்ரோல் யூனிட் வரை பலவற்றில், உள்ளே வரும் லைனில் ஒரு பாதுகாப்பு டயோடு தன்னைப் பலிகொடுத்து ஷார்ட் ஆகியிருக்கும். சர்க்யூட் போர்டு வேலை தெரிந்தவர் அந்த ஒரு டயோடை மாற்றினால் யூனிட் பிழைத்துவிடும் வாய்ப்பும் உண்டு.

இதற்குப் பிறகுதான் ஸ்கேனர். ஸ்கேனரே எரியவில்லை என்றால் ஓபிடி சாக்கெட்டின் 16-ஆம் முனையில் பேட்டரி வோல்ட் வருகிறதா, 4, 5 முனைகளில் எர்த் சரியா என்று பாருங்கள். பல வண்டிகளில் அந்த 16-ஆம் முனை லைட்டர் சாக்கெட்டின் ஃபியூஸில்தான் இருக்கிறது. பேட்டரி கழற்றிய நிலையில் 6-க்கும் 14-க்கும் நடுவே சுமார் 60 ஓம் காட்டினால் கேன் லைன் முழுதாக இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை அறுந்திருக்கிறது. ஸ்கேனரில் யு0100, யு0121, பி0562 என்று வரிசையாகக் கோடுகள் வந்தால் பயப்பட வேண்டாம். வோல்ட்டேஜ் விழுந்தபோது பதிவானவை பல. குறித்துக்கொண்டு அழித்து, வண்டியை ஓட்டி, மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். திரும்பி வருபவைதான் உண்மையான கோடுகள்.

வண்டி ஸ்டார்ட் ஆனதோடு வேலை முடியவில்லை. என்ஜின் ஓடும்போது, லைட்டும் ஏசியும் போட்டு, பேட்டரி முனைகளில் மீட்டரை ஏசி நிலையில் பிடியுங்கள். 0.5 வோல்ட்டைத் தாண்டினால் ஒரு டயோடு போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வண்டி பூட்டி அரை மணி நேரம் கழித்து டிரெயின் 50 மில்லி ஆம்பியருக்கு மேல் இருந்து, பி பிளஸ் கேபிளைக் கழற்றியதும் இறங்கினால், அது கசியும் டயோடு. "பேட்டரி மாத்தியும் மறுபடி டவுன் ஆகுது" என்று சில நாளில் திரும்பி வரும் வண்டிகளுக்கு இந்தக் கசிவும் ஒரு காரணம்.

நாம் உடனே கைவிட வேண்டிய பழக்கங்கள் இரண்டு. ஒன்று, ஃபியூஸுக்குப் பதில் ஒயர் இழை சுற்றுவது, அல்லது ஆம்பியர் கூடிய ஃபியூஸ் போடுவது. ஷார்ட் ஆன யூனிட்டின் கோபம் அப்போது ஒயரிங்கில் இறங்கும், வண்டி தீப்பிடிக்கும் அளவுக்குப் போகும். இரண்டு, ஓடும் வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி "டைனமோ வேலை செய்கிறதா" என்று பார்ப்பது. பேட்டரி விலகிய கணத்தில், பாதுகாப்பு இல்லாத 12 வோல்ட் ஆல்டர்னேட்டர் 79 முதல் 101 வோல்ட் வரை எகிறக்கூடும் என்று அதே தரநிலை கணக்கிடுகிறது. பாதுகாப்பு உள்ளதிலும் 35 வோல்ட் வரை போகலாம். ஜம்ப் ஸ்டார்ட்டில் தப்பிய ஈசிஎம்மை நம் கையாலேயே கெடுப்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை.

வாடிக்கையாளருக்கும் சிலவற்றைச் சொல்லி அனுப்புங்கள். நிறம் மங்கிய கேபிளை நம்பாமல் பேட்டரி மேலுள்ள குறியைப் பார்க்கச் சொல்லுங்கள். பிளஸ் முனை மைனஸைவிடச் சற்றுப் பருமன் என்பதைக் காட்டுங்கள். மைனஸ் கிளிப்பைக் கடைசியில், பேட்டரியில் மாட்டாமல் என்ஜின் எர்த்தில் மாட்டச் சொல்லுங்கள்.

நம் சக எலக்ட்ரீஷியன்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய ஒவ்வொரு வண்டிக்கும் ஜாப் கார்டில் நீங்கள் எடுத்த ரீடிங்குகளை எழுதுங்கள்: பேட்டரி வோல்ட், மெயின் ஃபியூஸ், டயோடு, ஏசி ரிப்பிள், டிரெயின், திரும்பி வந்த கோடுகள். இந்த வரிசை நிரம்பாமல் ஈசிஎம்முக்கு விலை சொல்லாதீர்கள். நிரம்பிய பிறகு, ஈசிஎம்தான் என்று உறுதியானால், அந்தக் கார்டையே வாடிக்கையாளர் முன் வைத்து விளக்குங்கள். அளந்து காட்டிச் சொல்பவரைத்தான் வாடிக்கையாளர் நம்பித் திரும்ப வருவார்.