வெஸ்ட்செஸ்டரில் குடியிருக்க வீடு எங்கே?

காலை ஆறரை மணிக்கு ஒயிட் பிளெயின்ஸ் பேருந்து நிலையத்தில் நின்று பாருங்கள். பிராங்ஸிலிருந்து சென்ட்ரல் அவென்யூ வழியாக வரும் பீ-லைன் பஸ்ஸிலிருந்து பெண்கள் இறங்குவார்கள். சீருடைக்கு மேல் கனத்த கோட்டு, தோளில் சாப்பாட்டுப் பை. இறங்கிய வேகத்தில் அடுத்த பஸ்ஸுக்கு ஓடுவார்கள். வடக்கே இருக்கும் ஊர்களில் வயதானவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, தூக்கி உட்காரவைப்பது இவர்கள்தான். எங்கள் நண்பர் ஒருவரின் மாமனாரை மூன்று ஆண்டுகள் பார்த்துக்கொண்ட அம்மாவும் இப்படி இரண்டு பஸ் மாறித்தான் வந்துபோனார். பனி கொட்டிய ஒரு நாள் பஸ் நின்றுபோய், அந்த வீட்டு சோபாவிலேயே படுத்து எழுந்து மறுநாள் வேலையைத் தொடர்ந்தார். அந்த ஊரில் அவர் சம்பளத்துக்கு ஓர் அறைகூடக் கிடையாது.

நியூயார்க் நகரின் பிராங்ஸ் முடிகிற இடத்தில் தொடங்கும் இந்த வெஸ்ட்செஸ்டர் கவுன்டியில் சுமார் 10 லட்சம் பேர் வாழ்கிறோம். அமெரிக்காவின் வசதியான கவுன்டிகளில் ஒன்று. நல்ல பள்ளிகள், பெரிய மரங்கள், ஸ்கார்ஸ்டேலில் ரயில் ஏறினால் அரை மணிக்குச் சற்று கூடுதலான நேரத்தில் கிராண்ட் சென்ட்ரல். தனி வீட்டின் இடைநிலை விலை 10 லட்சம் டாலரை ஒட்டி நிற்கிறது. சொத்து வரி சராசரியாக ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல். நாட்டிலேயே மிக அதிகமான வரிகளில் ஒன்று. நர்ஸுக்கும் பள்ளி ஆசிரியருக்கும் கட்டுப்படியாகாத கணக்கு இது. இங்கே பல ஊர்களில் தீயணைப்புப் படை தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது. ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அங்கே குடியிருக்க வழியில்லை என்றால், நள்ளிரவில் சங்கு ஊதும்போது ஓடிவர யார் இருப்பார்கள்?

வட்டிதான் காரணம் என்று வீட்டுத் தரகர்கள் சொல்வார்கள். அதில் உண்மை இருக்கிறது. 30 ஆண்டு வீட்டுக்கடனின் சராசரி வட்டி 2021 ஜனவரியில் 2.65 சதவீதம், 2023 அக்டோபரில் 7.79. பழைய வட்டியில் கடன் வாங்கியவர்களுக்கு விற்க மனம் வரவில்லை, சந்தைக்கு வரும் வீடுகள் சுருங்கிவிட்டன. ஆனால் வட்டி ஏறியது நேற்று. இந்தத் தட்டுப்பாடு அரை நூற்றாண்டாக இருக்கிறது. வேர் ஸோனிங்கில் இருக்கிறது.

எந்த மனையில் என்ன கட்டலாம் என்று ஊர்ச் சபை போடும் விதிதான் ஸோனிங். இந்த அதிகாரத்தை 1926-ல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பெட்ஃபோர்டில் பல பகுதிகளில் ஒரு வீடு கட்ட 4 ஏக்கர் மனை வேண்டும். சென்னைக் கணக்கில் 72 கிரவுண்டுக்கு மேல்! வீட்டின் ஒரு பக்கத்தைத் தடுத்து போர்ஷனாக வாடகைக்கு விடுவது நமக்குப் பழகிய வழி. மயிலாப்பூரிலும் மாம்பலத்திலும் எத்தனை குடும்பங்கள் அப்படித் தலையெடுத்திருக்கின்றன. இங்கே எத்தனையோ தெருக்களில் அது விதிமீறல், அல்லது தனி அனுமதி கேட்டு அலையவேண்டிய வேலை. அடுக்குமாடி பற்றிப் பேச்சே எழாது.

கவுன்டியின் வடபகுதிக்கு ஒரு நியாயம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே இருக்கும் குரோட்டன் நீர்த்தேக்கங்கள் நியூயார்க் நகரத்தின் குடிநீரில் ஒரு பகுதியைத் தருகின்றன. சாக்கடை இணைப்பு இல்லாத இடத்தில் நெருக்கி நெருக்கி வீடு கட்ட முடியாது. ஆனால் தெற்கே, ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், சாக்கடைக் குழாய் ஏற்கெனவே ஓடுகிற தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஏன் கூடாது? இதற்கு எந்த ஊர்ச் சபையிடமும் நேரான பதில் இல்லை.

கேள்வி புதிதல்ல. 1975-லேயே நியூயார்க் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் பெரென்சன் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஓர் ஊர் ஸோனிங் போடும்போது தன் தேவையோடு சுற்றுவட்டாரத்தின் வீட்டுத் தேவையையும் பார்க்கவேண்டும். அந்த வழக்கு நியூ காசில் என்ற ஊர்மீது நடந்தது. நியூ காசில் வேறெங்கும் இல்லை, இதே வெஸ்ட்செஸ்டரில்தான் இருக்கிறது. கிளின்டன் தம்பதியின் வீட்டால் பெயர் தெரிந்த சாப்பக்குவா அதற்குள்தான் வருகிறது.

பிறகு என்ன ஆயிற்று? 2006-ல் ஒரு குடியிருப்பு உரிமை அமைப்பு கவுன்டிமீது மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. பாகுபாடற்ற குடியிருப்பை வளர்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து மத்திய அரசிடம் கவுன்டி 5 கோடி டாலருக்கு மேல் வாங்கியிருந்தது. இனப் பிரிவினையைப் பற்றிய ஆய்வே செய்யவில்லை. 2009 பிப்ரவரியில் நீதிபதி டெனிஸ் கோட் அந்த உறுதிமொழிகள் பொய் என்று கண்டார். ஆகஸ்டில் 6.25 கோடி டாலர் சமரசம் கையெழுத்தானது. கறுப்பினத்தவரும் லத்தீன் மக்களும் மிகக் குறைவாக வாழும் ஊர்களைப் பார்த்து, 7 ஆண்டுக்குள் 750 குறைந்த விலை வீடுகள் கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. அதே ஆண்டு நவம்பரில் கவுன்டித் தலைவர் தேர்தலில் ராப் ஆஸ்டோரினோ வென்றார். மத்திய அரசோடு அவர் காலம் முழுவதும் இழுபறிதான். ஸோனிங் ஆய்வு அறிக்கையைக் கவுன்டி அனுப்புவதும் வாஷிங்டன் திருப்பி அனுப்புவதுமாக 2017 வரை போயிற்று. நிதியும் கைவிட்டுப் போனது.

சாப்பக்குவாவுக்கு வந்த 28 வீடுகளின் கதையைக் கேட்டால் மனது வலிக்கும். ஊரின் பசுமையான தெருக்களில் இடம் கிடைக்கவில்லை. ஒரு பக்கம் தண்டவாளம், மறுபக்கம் சா மில் ரிவர் பார்க்வே நெடுஞ்சாலை, நடுவில் ஒரு துண்டு நிலம். அங்கே கட்டுவதற்குக் கட்டட விதியிலும் தீயணைப்பு விதியிலும் விலக்கு கேட்கவேண்டியிருந்தது. அந்த இடத்தில் கட்டினால் குடியிருப்பவர்கள் ஒதுக்கிவைத்தவர்கள்போல ஆகிவிடுவார்கள் என்று மத்திய அதிகாரிகளே கவலைப்பட்டார்கள். விளையாடப் போகும் குழந்தைக்கு இருபுறமும் ஆபத்து. 1975-ல் நீதிமன்றம் அறிவுறுத்திய அதே ஊர் இது.

750 வீடு என்ற எண்ணிக்கை ஒருவழியாக எட்டப்பட்டது. 2019-ல் கவுன்டியே நடத்திய வீட்டுத் தேவை ஆய்வு, இன்னும் 11,703 குறைந்த விலை வீடுகள் வேண்டும் என்றது. இந்த வேகத்தில் போனால் நம் பேரப்பிள்ளைகள் காலத்திலும் பஸ் மாறி வருவார்கள்.

ஊர்ச் சபைகளின் நல்லெண்ணத்தை நம்பிக் காத்திருந்த காலம் போதும். மாநிலச் சட்டம் வேண்டும், மீறினால் நடவடிக்கை பாயும் சட்டம். பக்கத்து மாநிலங்களில் இருக்கிறது. நியூஜெர்சியில், ஊர்கள் குறைந்த விலை வீடுகளுக்கும் இடம் தரவேண்டும் என்ற மவுண்ட் லாரல் தீர்ப்புகள் 1975-லும் 1983-லும் வந்தன. 1985-ல் சட்டமே போட்டு, ஒவ்வொரு ஊருக்கும் இத்தனை வீடு உன் பங்கு என்று எண்ணிக் கொடுத்தார்கள். மாசசூசெட்ஸில் 1969 முதல் சட்டம் இருக்கிறது. குறைந்த விலை வீடுகள் 10 சதவீதத்தை எட்டாத ஊர் அனுமதி மறுத்தால், கட்டுபவர் மாநிலக் குழுவிடம் மேல்முறையீடு செய்யலாம். 2021-ல் ரயில் வசதி உள்ள ஊர்களிலும் அவற்றை ஒட்டிய ஊர்களிலும் அடுக்குமாடிக்கு ஸோனிங் ஒதுக்கியே தீரவேண்டும் என்று இன்னொரு சட்டம். மில்டன் என்ற ஊர் வாக்கெடுப்பு நடத்தி மறுத்தது. 2025 ஜனவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் இது கட்டாயம்தான் என்று தீர்ப்பளித்தது.

நம் மாநிலத்தில்? 2023-ல் ஆளுநர் கேத்தி ஹோக்குல், 10 ஆண்டில் 8 லட்சம் வீடுகள் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தார். நியூயார்க் நகரைச் சுற்றியுள்ள ஊர்கள் 3 ஆண்டுக்கு 3 சதவீதம் வீடுகளைக் கூட்டவேண்டும், ரயில் நிலையங்களைச் சுற்றி ஸோனிங்கைத் தளர்த்தவேண்டும் என்பது அதில் இருந்தது. புறநகர் எதிர்ப்பில் சில மாதங்களிலேயே கைவிடப்பட்டது. இப்போது இருப்பது விருப்பப்பட்டால் சேரும் ஊக்கத்தொகைத் திட்டம். வசதியான ஊருக்கு அந்த ஊக்கத்தொகை எதற்கு?

இனி நம்மவர்களிடம் ஒரு வார்த்தை. இந்தக் கவுன்டியில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிறோம். பிள்ளைகளின் பள்ளிக்காக வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி முன்பணம் சேர்த்து வீடு வாங்கியவர்கள் பலர். அடுக்குமாடி வந்தால் பள்ளி நெரிசலாகும், விலை இறங்கும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நாலு படுக்கையறை வீட்டில் தனியாக இருக்கும் முதிய அண்டை வீட்டாரை நினைத்துப் பாருங்கள். வீட்டை விற்றுவிட்டு அதே ஊரில் சின்னதாக ஒன்றுக்கு மாற அவர் விரும்புகிறார். அந்தச் சின்ன வீடு ஊரில் இல்லை. நாளை நாமும் அங்கேதான் நிற்போம்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நிறத்தையும் பிறந்த நாட்டையும் காட்டி வீடு மறுக்கக்கூடாது என்ற மத்தியச் சட்டம் 1968 ஏப்ரலில், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில் கையெழுத்தானது. கறுப்பின மக்கள் ரத்தம் சிந்திப் பெற்ற சட்டம் அது. ஸ்கார்ஸ்டேலிலும் ஆர்ட்ஸ்லியிலும் நம் பெயரில் பத்திரம் பதிவாவதற்கு அந்தச் சட்டம் காவல் நிற்கிறது.

ஊர்ச் சபையின் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் பெரும்பாலும் வார நாளில், மாலை ஏழு மணி வாக்கில் நடக்கும். எதிர்ப்பவர்கள் தவறாமல் வருவார்கள். இரண்டு பஸ் மாறி வீடு திரும்பும் அம்மாவால் வர முடியாது. உங்களால் முடியும். வீடு சொந்தமா வாடகையா, குடியுரிமை உண்டா என்றெல்லாம் கேட்கமாட்டார்கள். கிரீன்கார்டுக்குக் காத்திருப்பவரும் பேசலாம். ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம் தருவார்கள். உங்கள் பெயரையும் தெருவையும் சொல்லி, "இந்தக் கட்டடம் எங்கள் ஊருக்கு வரட்டும்" என்று சொல்லுங்கள். மறுநாள் அதையே உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினருக்கும் எழுதி அனுப்புங்கள்.