வித்வான்கள் எல்லோரும் ஆசிரியர்களா?

தன் விஷயத்தில் கரைகண்டவனுக்கு அதைப் பிறர்க்குச் சொல்லிக்கொடுக்கத் தனிப் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை என்னும் அபிப்பிராயம், படித்தவர்களிடையே வேரூன்றிவிட்ட மூடநம்பிக்கைகளுள் தலையாயது. அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் புதிதாகப் பணியேற்ற இரசாயனப் பேராசிரியர் ஒருவர், பாடம் தொடங்குமுன் சக ஆசிரியர்களோடும் நூலகரோடும் மாணவர் ஆலோசகரோடும் ஒரு வாரம் உட்காரச் சொன்னதைத் தம் கௌரவத்துக்கு நேர்ந்த இழுக்காகவே எண்ணிச் சென்ற வாரம் என்னிடம் குமுறினார். கேட்ட எனக்கு மனம் கொதித்தது.

அவர் சேர்ந்திருப்பது, ஒரே மாணவர் குழு இரண்டு மூன்று பாடங்களைச் சேர்ந்தே பயில, அவற்றை நடத்துவோர் ஒரு பொதுக் கேள்வியைச் சுற்றித் தம் பாடங்களைப் பின்னித்தர வேண்டிய கற்றல் சமூகம் என்னும் ஏற்பாட்டில். முன்கூட்டிக் கலந்து பேசாவிட்டால் நடப்பது என்ன? இரசாயன ஆசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே வெள்ளிக்கிழமைக்கு ஆளுக்கொரு நீண்ட கட்டுரை கேட்பார்கள்; ஒருவர் படிக்கச் சொன்ன நூலின் பெயர்கூட மற்றவருக்குத் தெரியாது; மாணவர் வந்து நிற்கும்போதுதான் நூலகருக்கே செய்தி எட்டும்.

1971-இல் வாஷிங்டன் மாகாணத்து ஒலிம்பியாவில் மாணவரைச் சேர்க்கத் தொடங்கிய எவர்கிரீன் கல்லூரியைப் பாருங்கள். வெவ்வேறு துறையினர் கூடி ஒரே பாடத்திட்டத்தை நடத்திய அங்கே, ஆசிரியர்கள் மாணவரின்றித் தாங்கள் மட்டும் கூடி அவ்வாரத்து நூலை விவாதிக்கும் கருத்தரங்கும் அவ்வேற்பாட்டின் அங்கமாயிற்று. உயிரியல் கற்றவர் ஒரு நாடகத்தின் முன் தடுமாறித் தம் சந்தேகத்தைக் கூச்சமின்றிச் சொல்லவும், இலக்கியம் கற்றவர் அதைச் சிரத்தையோடு கேட்கவும் இடமிருந்த சபை அது. மாணவனின் திகைப்பை ஆசிரியர் மறுபடி உணர இதைவிடச் சிறந்த பயிற்சி ஏது? எவர்கிரீன் ஆசிரியர்களுக்குப் பாண்டித்தியம் குறைவா? மதிப்பெண் போட்டுத் தப்பித்துக்கொள்ளாமல், ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் விரிவாக எழுதித்தரும் பொறுப்பை ஏற்றவர்கள் அவர்கள். எவர்கிரீனில் அவசியமானது இவருக்கு மட்டும் அவமானமா?

நம் நாட்டின் நிலையும் மேலானதன்று. ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித்தர பி.எட். பட்டம் கேட்கிற நாம், கல்லூரி விரிவுரையாளராக வருபவர் ஒரு வகுப்பையேனும் நடத்திக் காட்டாமலே நெட் தேர்வால் தகுதி பெற இடம் வைத்திருக்கிறோம். அமெரிக்காவிலோ, பாடத்துக்கு இவ்வளவு என்று ஊதியம் பெறும் பகுதிநேர ஆசிரியர் ஏராளம். ஆலோசனைக் கூட்டத்தில் அவர் செலவிடும் பொழுதுக்குப் பல இடங்களில் காசில்லை. அவர் வராவிட்டால் பழி யாருடையது?

கல்லூரி நிர்வாகிகளே, அந்த ஆயத்த வாரத்தைச் சம்பளத்தோடு கூடிய கடமையாக்குங்கள்; நூலகருக்கும் ஆலோசகருக்கும் அதில் சரியாசனம் கொடுங்கள்; அதன்பின்னும் வர மறுப்பவரிடம் அந்த மாணவர்களை ஒப்படைக்காதீர்கள்.